தொட்டம்மாவின் புள்ளிக் கோழி

என் கையெழுத்து நன்றாக இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இப்போது ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். உள்ளே வருகிற வண்டியின் நம்பர், வெளியே போகிற நேரம், இவற்றைத் தவிர இத்தனை வருஷத்தில் வேறெதையும் உட்கார்ந்து எழுதியதில்லை. எங்கே சின்ன ர போடுவது, எங்கே பெரிய ற போடுவது என்று இன்றைக்கும் சந்தேகம் வரும். தப்பு இருந்தால் பெரிய மனசு பண்ணித் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாத ஒரு விஷயம் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது ஜோகுபாளையத்தில் ஒரே வரிசையில் இருந்த நாலு ஓட்டு வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். நாலு வீட்டுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே கொல்லை. ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், தண்ணீர் பிடித்து வைக்க ஓர் இரும்பு டிரம், சுவரை ஒட்டி அம்மாவின் கோழிக் கூடு. அப்பா லாரி ஓட்டினார். மங்களூர் போனால் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்பது அவருக்கே தெரியாது. அந்த நாட்களில் அடுப்பு எரிந்தது கோழிகளால்தான். ஒன்பது பெட்டை, ஒரு சேவல். முட்டை வாங்க அம்மாவைத் தேடி வருவார்கள்.

ஒன்பதில் ஒன்று செவலைக் கோழி. அதன் முட்டை பெரிசாக இருக்கும். கூட்டுக்குத் தண்ணீர் வைப்பதும் கூடையில் வைக்கோல் மாற்றுவதும் என் வேலை என்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த முட்டை எனக்கு என்று ஏற்பாடு. அம்மா குழிக்கரண்டியில் எண்ணெய் விட்டு, அடுப்புத் தீயில் காட்டி, முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி, அப்படியே கரண்டியோடு தட்டில் கவிழ்ப்பாள். உள்ளங்கை அளவுக்கு உப்பலாக வந்து விழும். எனக்கு அந்த வயதில் பள்ளிக்கூடம் பிடிக்காது, யாரோடும் பேசப் பிடிக்காது. அந்தக் கரண்டி முட்டை பிடிக்கும்.

ஒரு மார்கழியில் செவலை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. முட்டை போடுவதை நிறுத்திக் கூடையை விட்டு எழ மறுத்தது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்றது. அம்மாவுக்குச் சந்தோஷம். மற்ற கோழிகளின் முட்டையை எல்லாம் விற்காமல் கேழ்வரகு டப்பாவுக்குள் புதைத்துச் சேர்க்க ஆரம்பித்தாள். அமாவாசை கழிந்ததும் பதினோரு முட்டையை அதன் வயிற்றுக்கு அடியில் வைப்பதாகத் திட்டம். இடி இடித்தால் கரு கலங்கக்கூடாது என்று கூடையில் போட ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும்கூட எடுத்து வைத்துவிட்டாள். அதுவரை கோழி எழுந்து போகாமல் இருக்க ஒரு கூமுட்டையை அடியில் தள்ளிவிட்டாள். இதில் என்னுடைய கரண்டி முட்டையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

நான் நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் கொல்லையில் நின்று செவலையைத் திட்டிக்கொண்டிருந்தபோது தொட்டம்மா கேட்டுவிட்டார்.

தொட்டம்மா கடைசி வீட்டில் இருந்தவர். கோலார் பக்கத்துக்காரர், கன்னடம். அம்மா அவரை அக்கா என்பாள். அம்மாவுக்கு அக்கா என்றால் எனக்குப் பெரியம்மா இல்லையா, அதைத்தான் கன்னடத்தில் தொட்டம்மா என்று கூப்பிட்டேன். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிற பேச்சு அவருடையது. நான் ஒழுங்காக நிமிர்ந்து பேசியது அவரோடு மட்டும்தான். அவரிடம் ஒரு கிழட்டுக் கருப்புக் கோழி உண்டு. அந்த வாரம் சந்தையிலிருந்து புதிதாக ஒரு புள்ளிக் கோழியும் வாங்கி வந்திருந்தார். எட்டு மாசமாக இருந்த மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், பிள்ளை பெற்றவளுக்கு நாட்டு முட்டை வேண்டும் என்று.

“அதை ஏன் வையறே? காவுக்கு உக்காந்திருக்கு பாவம்,” என்றார். அடையைக் கன்னடத்தில் காவு என்பார்கள்.

“முட்டையே போட மாட்டேங்குது தொட்டம்மா.”

“உடம்பு பூரா சூடு. வெயில் நல்லா ஏறின அப்புறம் வயித்த மட்டும் தண்ணில முக்கி எடு. மூணே தடவை. தலை நனையக்கூடாது. அப்புறம் வெயில்ல விட்டுடு. சூடு இறங்கி நாலு நாள்ல முட்டை போடும் பாரு, நோடு.” இரண்டடி போனவர் திரும்பி, “அம்மாவைக் கேட்டுக்கிட்டுச் செய்யி மகனே,” என்றும் சொன்னார்.

அடை வைக்க அம்மா முட்டை சேர்க்கிறாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். அம்மா பால் பூத்துக்குப் போயிருந்தாள். எங்களோடு தங்கியிருந்த மாமா தூங்கிக்கொண்டிருந்தார். கொல்லையில் எதிர்ச் சுவர் தெரியாத பனி. நான் செவலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி டிரம்முக்குக் கொண்டுபோனேன். தண்ணீரில் விரல் வைத்தபோதே குளிர் தோள் வரை ஏறியது. முதல் தடவை வயிற்றை மட்டும்தான் நனைத்தேன். அது என் மணிக்கட்டில் கொத்தியது. இறக்கைக்கு அடியில் தொட்டுப் பார்த்தால் இன்னும் சூடாகவே இருந்தது. மூன்று தடவை போதாது என்று எனக்கு நானே முடிவு பண்ணினேன். இத்தனை பெரிய கோழிக்கு மூன்று எப்படிப் போதும்? முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டு நாலாம் வாய்ப்பாடு சொன்னேன். ஓர் நாலு நாலு, ஈர் நாலு எட்டு. பாதியில் உதறலில் தலையும் உள்ளே போனது. பத்து நாலு நாற்பது வந்தபோது உதறல் நின்றிருந்தது. சூடு இறங்கிவிட்டது என்று எனக்கு மகிழ்ச்சிதான்.

கொடியில் கிடந்த துண்டால் துடைத்தேன். கூடையில் கூமுட்டை மேல் உட்கார வைத்தேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கண் பாதி திறந்திருந்தது. தூங்குகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு மேலே சாக்கைப் போட்டு மூடினேன். பிறகு உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தேன். எனக்கு அப்போது பத்து வயது. கோழி தூங்குவதற்கும் சாவதற்கும் வித்தியாசம் தெரியாத வயது இல்லை.

எட்டு மணிக்கு அம்மா கூடையைத் திறந்தாள். அவள் கத்தவில்லை. “ஐயோ, என் செவலை” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

விசாரணையை மாமா எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பி. மல்லேஸ்வரத்தில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுக்கிற வேலை. எங்கள் வீட்டுக்கு அவர்தான் டாக்டர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, செவலையைத் துவைக்கிற கல்லில் கிடத்தினார். அலகைத் திறந்து முகர்ந்தார். கண் இமையை விலக்கினார். கழுத்துக்குக் கீழே தீனி தங்கும் பையை அமுக்கினார்.

“ஒண்ணுமே இல்ல. தீனி எடுக்கல.”

“அடைக்கோழி எங்கடா தீனி எடுக்கும்?” என்றாள் அம்மா.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. நெஞ்சு இறகைக் கோதியவர் கையை நிறுத்தினார். “ஈரமா இருக்கே.”

நான் டிரம் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றேன்.

“வேர்த்திருக்கு,” என்றார் மாமா.

“கோழிக்கு வேர்க்குமாடா?”

“சாவும்போது வேர்க்கும்.”

இப்படி ஒரு பதில் கிடைத்ததும் எனக்கு உயிர் வந்தது. மாமா மேல் அன்றைக்கு இருந்த மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெள்ளைக் கழிச்சல் என்று அவர் தீர்ப்பு சொன்னார். ஒரு கோழிக்கு வந்தால் ஒரு வாரத்தில் கூடே காலி. மிச்சம் இருக்கிற எட்டையும் சேவலையும் காப்பாற்ற வேண்டுமானால் அவர் சொல்கிறபடி கேட்க வேண்டும்.

அதற்குள் சத்தம் கேட்டுத் தொட்டம்மா வந்திருந்தார். கல்லில் கிடந்த செவலையைப் பார்த்தார். கை கழுவ டிரம்முக்குப் போனவர் குனிந்து தண்ணீரிலிருந்து எதையோ எடுத்தார். ஒரு செவலை இறகு. அதை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை முந்தானை நுனியில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“காலையில கோழி நல்லா இருந்துச்சா மகனே?”

“தெரியாது தொட்டம்மா,” என்றேன். டிரம் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன்.

செவலையைக் கொல்லை மூலையில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். கூடையைக் கொளுத்தினோம். கூட்டுக்குள் சுண்ணாம்பு அடித்தோம். சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், மிளகு எல்லாவற்றையும் அம்மா அரைத்து உருண்டை பிடித்தாள். ஒவ்வொரு கோழியாக நான் பிடித்துக் கொடுக்க, மாமா வாயைத் திறந்து உள்ளே தள்ளினார். ஒன்பது ஜீவனும் என் கையில் திமிறி அடங்கின. ஒவ்வொன்று அடங்கும்போதும் எனக்குக் காலை ஞாபகம் வந்தது. கேழ்வரகு டப்பாவில் சேர்த்த முட்டையெல்லாம் நோய்ப்பட்ட முட்டை என்று மாமா சொன்னார். அம்மா ஒவ்வொன்றாக இன்னொரு குழியில் போட்டு உடைத்தாள். அதில் ஒன்றுகூடக் கெட்டுப்போயிருக்கவில்லை. மஞ்சள் கரு முழுசாக விழுந்தது எனக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு மாமா கேட்டார். “சீக்கு எங்கிருந்து வந்துச்சு? கொல்லைக்குப் புதுசா எது வந்துச்சு?”

கொல்லையில் புள்ளிக் கோழி சுவரோரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

அம்மாவும் மாமாவும் தொட்டம்மா வீட்டு வாசலுக்குப் போனார்கள். நான் அம்மாவின் பின்னால் நின்றேன்.

“சந்தைக் கோழிக்கா அது. பத்து ஊரு சீக்கு அதுல இருக்கும்,” என்றார் மாமா.

“நீ மருந்துக் கடையில பொட்டலம் கட்றவன்தானே? கோழிக்கு எப்போ டாக்டர் ஆனே?”

“மனுசனுக்கும் கோழிக்கும் மருந்து ஒண்ணுதான்கா. அளவுதான் வேற.”

“அது ஜம்முனு மேயுது. கண்ணு இருந்தா நோடு.”

“உள்ளுக்குள்ள வச்சிருக்கும். தனக்கு ஒண்ணும் ஆகாது, பக்கத்துல இருக்கிறதைத்தான் தூக்கும்.”

அக்காவிடம் சண்டை போட அம்மாவுக்கு மனசு இல்லை. “அக்கா, இதுங்கதான் எனக்குப் பொழைப்பு. அவரு எப்ப வருவாருன்னு எனக்கே தெரியாது. ஒண்ணு போச்சு. எல்லாம் போனா நான் என்ன பண்ணுவேன்?” என்றாள்.

“நான் இதைக் கொண்டுபோய் மக வீட்டுல விட்டுடறேன்.”

“புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுக்கா?” என்றார் மாமா.

தொட்டம்மா அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. எனக்குக் கேழ்வரகு ரொட்டி தந்துவிட்டு ருசியாக இருக்கிறதா என்று கேட்பாரே, அந்த மாதிரி.

“நீ சொல்லு மகனே. காலையில நீதானே எழுந்தே. கோழி நல்லா இருந்துச்சா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பேச வாயைத் திறந்தாலே காது சூடாகிவிடும். ஆனால் அன்றைக்குப் பேசாமல் இருந்தது கூச்சத்தினால் இல்லை. கூச்சப்படுகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பேசாவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தலையைக் குனிந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அவனை ஏன்கா கேக்கறீங்க, அவன் பேசவா போறான்?” என்றாள் அம்மா.

தொட்டம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் புள்ளிக் கோழியின் இரண்டு காலையும் ஒரு பழைய ரவிக்கைக் கிழிசலால் கட்டித் தூக்கி வந்தார். மாமா கையை நீட்டினார். அவரிடம் கொடுக்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு என் இரண்டு கையிலும் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல், தணிந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கிறபடி மூன்றாம் தடவை கேட்டார்.

“நல்லா இருந்துச்சா?”

கோழியின் வயிறு என் உள்ளங்கையில் இதமாகச் சூடாக இருந்தது. அதன் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டல். திரும்பி நடந்தேன். மாமாவிடம் கொடுத்தேன்.

மாமா அதை அறுத்தார். நோய் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று வயிற்றையும் கிழித்தார். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. கொத்தாகச் சின்னச் சின்ன மஞ்சள் கருக்கள். அதற்குக் கீழே ஓடு கட்டி முடிந்த ஒரு முழு முட்டை, மறுநாள் காலையில் இடுவதற்குத் தயாராக.

மாமா அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். “உள்ள இன்னும் பரவல. சரியான நேரத்துல தடுத்துட்டோம்,” என்றார்.

இறைச்சியை யாரும் சாப்பிடவில்லை. முட்டையோடு சேர்த்துச் செவலைக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். மண்ணைத் தள்ளியது நான்.

அதற்குப் பிறகு ஒரு கோழியும் சாகவில்லை. சாவதற்குக் காரணம்தான் இல்லையே. ஆனால் மாமாவின் பேர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கோழி தும்மினால்கூட அவரிடம் தூக்கி வந்தார்கள். எல்லாக் கோழிக்கும் பூண்டு உருண்டை கொடுத்தார். பிழைத்தது எல்லாம் அவரால் பிழைத்தது, செத்தது எல்லாம் தாமதமாகக் கொண்டுவந்தது.

ஒரு வாரம் கழித்து அம்மா பழையபடி எனக்குக் கரண்டி முட்டை போட்டுக் கொடுத்தாள். கோழிகளுக்கு அவ்வளவு பாடுபட்டானே என்று மிளகு கொஞ்சம் அதிகமாகவே தூவியிருந்தாள். சாப்பிட்டேன். தொண்டையில் சிக்கும் என்று பயந்தேன், சிக்கவில்லை. ருசியாகத்தான் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

தொட்டம்மாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா ஆறு முட்டையை ஒரு கிண்ணத்தில் வைத்து என்னிடம் கொடுத்து அனுப்பினாள். தொட்டம்மா வாங்கிக்கொண்டார். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, வெறுங்கிண்ணமாகத் தரக்கூடாது என்று ஒரு வெல்லக்கட்டி போட்டு, எங்கள் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். என்னோடு கோபமாகப் பேசியதே இல்லை. பேசியதே இல்லை என்பதுதான் சரி. கொல்லைக்கு வந்தால் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவார். அம்மாவும் அவரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசுகிற மத்தியானங்கள் நின்றுபோயின. அடுத்த வருஷம் மகளோடு இருக்கப்போவதாகச் சொல்லி ஒக்கலிபுரம் போய்விட்டார். தட்டுமுட்டுச் சாமான்களோடு கருப்புக் கோழியும் ஒரு பையில் தலையை நீட்டிக்கொண்டு போனது.

அம்மா சாகும்வரை அது வெள்ளைக் கழிச்சல் என்றே நம்பினாள். “அக்கா நல்லவங்க. அந்தக் கோழி விஷயத்துலதான் மனசு விட்டுப்போச்சு,” என்று இரண்டொரு தடவை என்னிடமே சொன்னாள். அப்போதும் நான் கட்டைவிரலைத்தான் பார்த்தேன்.

தொட்டம்மா சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட்டார் என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். வயசானவர், ஆயிரம் வேலை, பொடியனிடம் போகிறபோக்கில் சொன்னது எப்படி ஞாபகம் இருக்கும் என்று. அவருக்கு ஞாபகம் இல்லாதது என் அதிர்ஷ்டம் என்று.

என் மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டாள். அவள் பாவாடையில் மண் இருந்தது. நான் பார்த்துவிட்டேன். அடிக்கவோ மிரட்டவோ எனக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரர் எதிரிலேயே அவளிடம், “காலையில தொட்டி நல்லா இருந்துச்சாம்மா?” என்று கேட்டேன். கேட்ட குரல் என்னுடையதாக இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மகள் உடனே அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். ஒரு தடவைதான் கேட்டேன்.

அதற்கப்புறம் தொட்டம்மாவை மூன்று தடவை பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். முடியெல்லாம் பஞ்சு மாதிரி வெளுத்துவிட்டது. பேத்தியோ யாரோ கையைப் பிடித்து ஏற்றுகிறாள். மூன்று தடவையும் நான் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்துவிட்டேன். மூன்றாவது தடவை போன வாரம். இறங்கும்போது அவர் என்னைப் பார்த்தது போல இருந்தது. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

அன்றைக்கு அவர் வாயைத் திறந்திருந்தால் புள்ளிக் கோழி பிழைத்திருக்கும். இடுப்பில் இறகு இருந்தது. நான் சொல்வேன் என்று அவர் மூன்று தடவை காத்திருந்தார். என் கையில் கோழியைக் கொடுத்த பிறகும் தன் கையை எடுக்காமல் காத்திருந்தார். நான் கோழியைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

எழுதி முடித்தது, மார்கழி இருபத்திரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை.